வலது பக்கத்துத் திரை

சத்தியம். என் இரண்டு கண் மேலும் சத்தியம். ஒன்றில் புரை விழுந்து அறுத்தாயிற்று, ஆனாலும் சத்தியத்துக்கு அது போதும். இனி நான் சொல்வதில் ஒரு சொல் பொய் என்றால் நாளைக் காலை என் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழட்டும்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே உப்பளங்களின் நடுவில் பழைய பம்பு ஷெட் ஒன்று இருக்கிறது. நாலு பக்கமும் வெள்ளை. மரம் கிடையாது, செடி கிடையாது. யாராவது வந்தால் ஒரு மணி நேரம் முன்பே புள்ளியாகத் தெரிந்துவிடும். புள்ளி பெரும்பாலும் வராது.

அங்கேதான் குரு இருந்தார்.

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். பெயர் சலேத்மேரி. வயது நாற்பத்தொன்று. ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சராக இருந்தவர். பழைய கணினிகளைக் காயலான் கடைக்குப் போடுவது என்று பள்ளிக்கூடம் முடிவு செய்த அன்று, பதினாலு கணினிகளையும் ஒரு உப்பு லாரியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். அதன்பிறகு அவரும் அவையும்தான்.

ஊர் கைவிட்ட கணினிகளில் லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு எழுப்புவது அவர் வேலை. ஒன்றை எழுப்பியபோது, பத்தொன்பது வருஷத்துக்கு முன் யாரோ அழுத்திவிட்டுப் போன ‘அ’ அப்போதுதான் திரைக்கு வந்து சேர்ந்தது. நான் பார்த்தேன். இன்னொன்றில் காலையில் மவுஸை நகர்த்தினால் அம்பு மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரும். டீச்சர் கோபப்பட்டதே இல்லை. “வந்துட்டு இருக்கு,” என்பார். அவ்வளவுதான்.

அணைந்த திரைகளை ஷெட்டின் வெளிச்சுவரில் சாய்த்து வைத்திருப்பார். பூநாரை ஒன்று தினமும் வந்து, அதில் ஒன்றின் முன் ஒற்றைக் காலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுப் போகும்.

அவருக்கு ஒரே ஒரு சிஷ்யர். வேதரத்தினம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. சிஷ்யரைவிட குரு இருபத்திரண்டு வயது சின்னவர். ஆகையால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் “கண்டக்டரே” என்று கூப்பிடுவார்.

கண்டக்டர் லினக்ஸ் படிக்க வந்த காரணம் அவர் மனைவி தையல்நாயகி அம்மாள்.

அந்த அம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்தும் தெரியாது. கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து உண்டாக்கிய கைப்பேச்சு ஒன்று உண்டு. மூக்கை இரண்டு விரலால் பிடித்தால் கண்டக்டரின் அக்கா வருகிறாள் என்று பொருள். உள்ளங்கையைத் தேய்த்தால் கோபம் தீர்ந்தது என்று பொருள். உலகத்தில் அந்தப் பேச்சு முழுதும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மகளுக்கு அரைகுறை.

மகள் பிரசவத்துக்காக அம்மாள் மஸ்கட் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவார். ஒரு மணி நேரம் திரையில் இருவர் கையும் பேசும். மற்ற ஆறு நாளும் கண்டக்டரின் கைகளுக்கு வேலை கிடையாது.

கண்டக்டரின் கணினி, அம்மாள் ஊரில் இருந்தபோதே டீச்சரிடம் வாங்கியது. டிபன் கேரியர் அளவு பெட்டி. அதன் வலுவும் ஏறக்குறைய டிபன் கேரியர் வலுதான். அம்மாள் மஸ்கட் போன முதல் மாதமே வந்து நின்றார்.

“டீச்சர், அவ கை தத்தித் தத்தி வருது. ‘சோறு சாப்பிட்டியா’ங்கிறது ‘சோத்தைக் கொட்டிட்டியா’ன்னு தெரியுது. நான் இல்லைங்கிறேன். அவ அழுவுறா.”

டீச்சர் திரையைப் பார்த்தார்.

“ஒவ்வொரு சன்னலுக்கும் கீழே நிழல் எதுக்கு?”

“அழகா இருந்துச்சு.”

“அந்த நிழலை இது ஓயாம வரைஞ்சுட்டு இருக்கு. உங்க வீட்டம்மா கையை வரைய இதுக்கு நேரம் இல்லை.”

நிழலை நிறுத்தினார். கண்ணாடி போல் மினுங்கியதை நிறுத்தினார். கண்டக்டர் தானாகவே சத்தத்தையும் பிடுங்கிப் போட்டார். “எங்களுக்குச் சத்தம் என்னத்துக்கு டீச்சர்?” அந்த அம்மாளுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது என்பதால், அழைப்பு வந்தால் கேட்காமலே தானாகத் திறந்துகொள்ளும்படியும் செய்துவைத்தார். அதன்பிறகு கை தண்ணீர் மாதிரி ஓடியது.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி வெயிலில் வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி சைக்கிளானது. சைக்கிள் கேரியரில் பெட்டி, திரை, காமிரா மூன்றும் சணல் கயிற்றால் கட்டியிருந்தன. கண்டக்டர் இறங்கினார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“நான் அவளைப் பார்த்தேன்னு அவ சொல்றா. நான் பார்க்கலைன்னு நான் சொல்றேன். யார் சொல்றது பொய்?”

டீச்சர் கயிற்றை அவிழ்த்தார். “முழுசாச் சொல்லுங்க.”

“மூணு ஞாயித்துக்கிழமையா எனக்கு அவ தெரியலை. திரையில வெறும் நீலம். நாலு மணியிலேருந்து அஞ்சு மணிவரைக்கும் அந்த நீலத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அஞ்சு மணிக்கு மக போன் பண்றா. ‘அப்பா, அம்மா ஒரு மணி நேரமா கையை ஆட்டிக்கிட்டு இருக்கு, நீங்க ஏன் கல்லு மாதிரி பார்த்துக்கிட்டே இருக்கீங்க’ங்கிறா.”

“தெரியலைன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன். மக அவகிட்ட சொன்னா. அவ நம்பலை. ‘கண்ணைப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்தாரு. கையைத் தூக்கலை. நான் இல்லாம நல்லா இருக்காரு போல’ன்னுட்டா.”

“வேற யார் போன்லயாவது முகம் பார்த்துப் பேசறதுதானே?”

“அதையும் கேட்டேன். வேற எதுலயும் முகம் காட்ட மாட்டாளாம். வீம்பு.” கண்டக்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். “இன்னைக்கும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தா இனிமே கூப்பிட மாட்டாளாம். குழந்தைக்குப் பேர் வெச்சப்புறமும் ஊருக்கு வரமாட்டாளாம். அங்கேயே இருந்துடுவாளாம்.”

உப்பளத்தில் காற்று மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“நீங்க என்ன பண்ணிப் பார்த்தீங்க?”

“என்ன பண்ணலை? படத்தை ஓட்டுற டிரைவரை மாத்தினேன். லினக்ஸுக்கு அடியில ஓடுற கர்னலை மாத்தினேன். லினக்ஸையே மூணு தடவை அழிச்சுட்டுப் புதுசாப் போட்டேன். கேபிளைக் கழட்டி மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சேன்.”

“மண்ணெண்ணெயா?”

“டிப்போ பழக்கம்.”

“புதுசாப் போட்டப்புறம் என்ன செஞ்சீங்க?”

“என்னோட அமைப்புக் கோப்புகளை, அதான் செட்டிங்ஸை, பழையபடி எடுத்து உள்ளே வெச்சேன். அது இல்லாம எப்படி டீச்சர்? ரெண்டு வருஷமா நான் பார்த்துப் பார்த்து எழுதினது.”

“மூணு தடவையும்?”

“மூணு தடவையும்.”

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெட்டியை மேசையில் வைத்துத் திரையை இணைத்தார். திரைக்கு மேல் காமிராவைக் கவ்வவிட்டார். பம்பு ஷெட்டுக்கு இணையம் வந்தது எப்படி என்றால், அதற்கு நான் தனியாக ஒரு சத்தியம் செய்ய வேண்டும். இப்போது வேண்டாம். பெட்டி எழுந்தது. நீலம் வந்தது. மணி மூன்றரை.

“மவுஸைப் பிடிங்க. அம்பை வலது பக்கம் தள்ளுங்க.”

தள்ளினார். அம்பு திரையின் ஓரத்துக்குப் போயிற்று. காணாமல் போயிற்று.

“ஓரத்துல நிக்கணுமே?”

“நிக்கலையே டீச்சர்.”

“இன்னும் தள்ளுங்க.”

மேசை தீர்ந்தது. மவுஸைத் தூக்கி வைத்து மறுபடி தள்ளினார். ஏழு சாண் தள்ளியிருப்பார்.

“போதும். இப்ப இடது பக்கம் இழுங்க. மெதுவா.”

ஒரு சாண் இழுத்தார். இரண்டாவது சாண் முடியும்போது அம்பு வலது ஓரத்திலிருந்து உள்ளே வந்தது.

“ஏழு சாண் தள்ளினீங்க. ரெண்டு சாண்ல வந்துடுச்சு. மிச்ச அஞ்சும் எதுலயோ முட்டிக்கிட்டு நின்னிருக்கு. அப்ப ரெண்டு சாண் தூரத்துல ஒரு சுவர் இருக்கு.”

“எங்க?”

டீச்சர் திரைக்கு வலது பக்கம், மேசை காலியாக இருந்த இடத்தில் கையை வைத்தார். “இங்க.”

“அங்க ஒண்ணும் இல்லையே.”

“அது உங்களுக்குத் தெரியுது. இதுக்குத் தெரியலை.” பெட்டியைத் தொட்டார். “உங்க வீட்டு மேசையில இந்த இடத்துல என்ன இருந்துச்சு?”

கண்டக்டர் மவுஸை விட்டுக் கையை எடுத்தார்.

“அவ திரை,” என்றார்.

டீச்சர் அந்தக் காலி இடத்திலிருந்து கையை எடுத்தார்.

“ரெண்டு திரை போட்டிருந்தேன் டீச்சர். இடது என்னுது. வலது அவளுது. சீரியல் பார்ப்பா. சத்தம் வேணாமே, முகத்தைப் பார்த்தே கதை சொல்லிடுவா. உப்புக் காத்துல அந்தத் திரை கேபிள் முனை துருப்பிடிச்சு, பெட்டி எழும்பும்போது ‘நான் இருக்கேன்’னு அது பதில் சொல்லாது. தினம் அதோட மல்லுக்கட்ட முடியலை. ‘கேட்கவே வேணாம், வலது பக்கம் திரை எப்பவும் இருக்குன்னு வெச்சுக்க, அதுதான் முதல் திரை, எல்லாத்தையும் அதுலயே திற’ன்னு கோப்புல எழுதிட்டேன். அவ மஸ்கட் போனப்புறமும் அவ திரையிலதான் வருவா. அவ உட்கார்ந்த இடத்துலயே வந்து உட்காருவா.”

“இப்ப அது எங்க?”

“ஒரு மாசத்துக்கு முன்னாடி கருகிடுச்சு. பரண்ல போட்டுட்டேன்.”

“கோப்புல இருந்த வரி?”

“மறந்துட்டேன்.”

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார்.

“மறக்கலை,” என்றார் கண்டக்டர். “ஒரு நாள் திறந்து பார்த்தேன். அழிக்கக் கை வரலை. இருந்துட்டுப் போவட்டும், என்ன கெட்டுச்சுன்னு மூடிட்டேன். அப்புறம் நிஜமாவே மறந்துட்டேன்.”

மூன்று ஞாயிறும் அந்த அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார். பெட்டி கேட்காமலே கதவைத் திறந்திருக்கிறது. இல்லாத திரையில் அவரை, வளையல் முதற்கொண்டு, ஒன்று விடாமல் வரைந்திருக்கிறது. அதற்கு ஒரு முழம் இடதுபுறம், காமிராவுக்கு நேராக, கண்டக்டர் நீலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கே அது மெதுவாகத்தான் விளங்கியது.

“அப்ப அவ சொன்னது நிஜம்.”

“ம்.”

“நான் சொன்னதும் நிஜம்.”

“ம்.”

“அப்ப இதுதான் பொய்.” பெட்டியின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தத் தட்டுவது போல.

“இது என்ன பொய் சொல்லுச்சு? நீங்க சொன்ன இடத்துல காட்டுச்சு.”

கண்டக்டர் உட்கார்ந்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“மூணு மணி நேரம் டீச்சர். அவ என்னென்ன சொன்னாளோ. அதையெல்லாம் இதுக்குள்ளேருந்து எடுக்க முடியுமா?”

“முடியாது. அடுத்த படம் வந்ததும் முந்தின படம் போயிடும். இது எதையும் வெச்சுக்காது.”

“யாருமே பார்க்காமலா?”

“யாருமே பார்க்காம.”

வெளியே பூநாரை வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

நாலு மணிக்குத் திரையில் எதுவும் மாறவில்லை. அதே நீலம். பெட்டியின் பின்னால் இணைய விளக்கு மட்டும் படபடவென்று துடிக்க ஆரம்பித்தது.

“வந்துட்டாங்க,” என்றார் டீச்சர்.

கண்டக்டர் வலது பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து எழுந்து நின்றார். டீச்சர் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். “இங்க பாருங்க. உங்க திரைக்கு இழுக்கிறேன். கோப்பை அப்புறம் பார்த்துக்கலாம்.”

அந்தப் பெட்டியின் வேகம் உங்களுக்குத் தெரியும். ஒரு பீடி பற்ற வைத்துக் குடித்து முடிக்கும் நேரம் ஆயிற்று. முதலில் வலது ஓரத்தில் ஒரு வளையல் வந்தது. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை, தோள், காதில் சிவப்புக்கல் தோடு. கடைசியாக முகம் முழுதும் வந்து நின்றது. அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். கை ஓடிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து வந்ததால் கண்டக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவர் இரண்டு கையையும் தூக்கினார்.

ஒரு மாதத்துப் பேச்சும் ஒரேயடியாக வந்தது. தெரியலை, தெரியலை, நீ தெரியலை என்றார். வலது பக்கத்தைக் காட்டினார். கருகியதைக் காட்டினார். பரணைக் காட்டினார். டிரைவர் என்பதற்குக் கையில் ஒன்றும் கிடைக்காமல் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார். அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ. கோப்பு, வரி, முதல் திரை இதற்கெல்லாம் முப்பத்தாறு வருஷத்தில் அவர்கள் கைச்சொல் செய்துவைக்கவில்லை. கண்டக்டர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கும்பிட்டார். உள்ளங்கையைத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

அம்மாளின் கை வேகம் குறைந்தது. இறங்கியது. மடியில் போய் உட்கார்ந்தது.

பார்த்தார். அம்மாள் அசையவில்லை.

கண்டக்டர் இன்னும் கொஞ்சம் பேசினார். நிறுத்தினார். குனிந்து திரையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று.

“டீச்சர்! படம் நின்னுடுச்சு!”

டீச்சர் திரையைப் பார்த்தார்.

“உறைஞ்சுபோச்சு டீச்சர்! டிரைவர்தான், நான் அப்பவே சொன்னேனே! அணைச்சுட்டு ஏத்திடறேன், ரெண்டே நிமிஷம், அதுக்குள்ள அவ போயிடமாட்டா—”

அவர் கை பெட்டியின் பொத்தானுக்குப் போயிற்று. டீச்சர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாளுக்குப் பின்னால், மஸ்கட் வீட்டுச் சுவரில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது இந்தப் பக்கம் திரும்பும்போது அவர் நெற்றி மயிர் பறந்து பறந்து அடங்கியது.

“படம் நிக்கலை, கண்டக்டரே.”

கண்டக்டர் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். மயிர் பறப்பதைப் பார்த்தார். கடைசியில் கண்ணைப் பார்த்தார். அது நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பொத்தானிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எவ்வளவு நேரம் டீச்சர் இப்படியே இருப்பா?”

“நீங்க உட்கார்ந்திருந்தது மூணு ஞாயித்துக்கிழமை,” என்றார் டீச்சர். “மூணு மணி நேரம் இருக்கும். அவங்க இன்னும் கட் பண்ணலை. உட்காருங்க.”

கண்டக்டர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். தெரிந்தால் டீச்சர் என்னைப் பம்பு ஷெட்டுக்குள் சேர்க்கமாட்டார். எனக்குப் போக வேறு இடமும் கிடையாது.